சுரங்கத்தில் கேட்ட காப்புச் சத்தம்

மன்னாரிலிருந்து மெதவாச்சிக்குப் போகிற பெருந்தெருவில், முருங்கனுக்கு இப்பால், பாலைக்கிடங்கு என்றொரு சின்னப் பட்டினம். அங்கே பார்க்கத் தக்கவை இரண்டே இரண்டு என்று ஜுனைதீன் சொல்லுவான். ஒன்று, தெருவுக்கு அடியால் போகிற சுரங்கம். மற்றது, அந்த ஊரை விட்டு வெளியே போகிற பஸ்.

இன்றைக்கு அவன் பஸ்ஸில் வரவில்லை. சைக்கிளில் வந்தான். தனியே வந்திருந்தாலும் பரவாயில்லை, பின் கரியரில் துப்பறியும் சரவணமுத்துவையும் ஏற்றிக்கொண்டு வந்தான். சரவணமுத்து அடம்பன் நெல்லுச்சோற்றில் வளர்ந்த பாரமான உடம்பு. ஒரு காலத்தில் பொலிஸ் சார்ஜனாக இருந்தவர். ஒரு துரை வீட்டில் களவு போனபோது, எடுத்தது துரையின் மைத்துனன்தான் என்று விருந்தாளிகள் முன்னால் நிரூபித்துவிட்டார். அன்றோடு உத்தியோகம் போயிற்று. அதற்குப் பிறகு மன்னாரில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு சொந்தமாகத் துப்பறிந்து வந்தார். ஜுனைதீனின் வேலை சைக்கிள் மிதிப்பதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும். முதலாவதை அவன் ஒழுங்காகச் செய்து வந்தான்.

"இறங்குங்கோ ஐயா. இனியும் மிதிச்சால் என்னைத்தான் நீங்கள் கரியரில ஏத்த வேண்டி வரும்."

சரவணமுத்து இறங்கினார். சைக்கிள் ஒரு பெருமூச்சு விட்டது.

சுரங்கத்தின் கதை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கட்டுக்கரைக் குளத்து வெள்ளத்துக்குப் பயந்து தெருவை ஆள் உயரத்துக்கும் மேலே உயர்த்திக் கட்டியிருந்தார்கள். வீடுகளும், துரைமார் வந்து தங்குகிற வாடிவீடும் வடக்குப் பக்கம். பள்ளிவாசலும் நல்ல தண்ணீர்க் கிணறும் தெற்குப் பக்கம். சனம் தெருவில் ஏறி இறங்கிப் போய்வந்துகொண்டிருந்தது. ஒருநாள் அந்தக் காலத்துத் துரை ஒருவரின் குதிரை ஓர் ஆட்டைக் கண்டு மிரண்டு, மேலே இருந்த துரைசாணியை நாகதாளிப் பற்றைக்குள் இறக்கிவிட்டது. துரைசாணியின் உடம்பிலிருந்து முள் எடுத்து முடியுமுன்னே, இனிமேல் சனமெல்லாம் தெருவுக்கு அடியால்தான் போகவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. வடக்கிலிருந்து ஒரு கொந்தராத்துக்காரன் தோண்டினான், தெற்கிலிருந்து இன்னொருவன் தோண்டினான். இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. அதனால் நடுவில் சந்திக்கத் தவறி, பிறகு ஒரு வளைவு வெட்டி ஒருமாதிரி ஒட்டவைத்தார்கள். ஒரு வாசலில் நின்றால் மற்ற வாசல் தெரியாது. எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் உரசாமல் போகவும் முடியாது. ஆகவே ஊரில் ஒரு வழக்கம் வந்தது. ஆண்கள் உள்ளே நுழையுமுன் வாசலில் நின்று செருமுவார்கள். உள்ளே பெண் இருந்தால் கையை ஆட்டிக் காப்பைக் கிலுக்குவாள். காப்புச் சத்தம் கேட்டால் ஆண்கள் பொறுத்திருப்பார்கள். எத்தனையோ வருஷமாக ஒரு சண்டை சச்சரவில்லாமல் நடந்து வந்த இந்த ஏற்பாடுதான், நேற்று ஒரு பெண்ணின் தலையில் இடியாக விழுந்திருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் றஹீமா. தாய் ஆசியா உம்மா கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு மூச்சு விடாமல் சொன்னாள்.

"நேற்று மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னம் நடந்த சங்கதி, ஐயா. வாடிவீட்டில துரைக்குச் சாப்பாட்டு மேசை போட்டவை. வெள்ளிக் கரண்டி எல்லாம் எடுத்து வைச்ச கையோட, எவனோ தலையில சாக்கைக் கொழுவிக்கொண்டு வந்து, அவ்வளத்தையும் மேசைச் சீலையில கட்டித் தூக்கிக்கொண்டு பின்வேலியால பாஞ்சிட்டான். குசினிக்காரச் சந்தியோகு முதுகுப் பக்கத்தைக் கண்டு கத்தினவன். கள்ளன் நேர சுரங்கத்துக்குள்ள. இந்தப் பக்க வாசலுக்கு எங்கட மாப்பிள்ளை வஸீர் ஓடி வந்தவர். பொலிஸ்காரன். துரையின்ர காருக்கு வழி பாத்துக்கொண்டு தெருவில நிண்டவர்."

"மாப்பிள்ளையோ?" என்று கேட்டார் சரவணமுத்து.

"நேற்று வரைக்கும்," என்றது அறை வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அதுதான் றஹீமா.

"நீ சும்மா இரு. அங்கால வாசலில தேத்தண்ணிக்கடை மீராசாஹிபு காக்கா உலக்கையோட. ரெண்டு பேரும் செருமினவை. உள்ளுக்க காப்புச் சத்தம் கேட்டிருக்கு. ரெண்டு பேரும் மரியாதையாப் பொறுத்து நிண்டு, சத்தம் ஓய்ஞ்ச பிறகுதான் உள்ளுக்க போனவையாம். நடு வளைவில ஆளை ஆள் கள்ளன் எண்டு பிடிச்சு உருண்டதுதான் மிச்சம். வஸீருக்குச் சொண்டு வீங்கிப்போச்சு. காக்காவுக்குச் சாரம் கிழிஞ்சு போச்சு. கள்ளனும் இல்லை, கரண்டியும் இல்லை."

"காப்புக்காரியும் இல்லை," என்றான் ஜுனைதீன்.

"அதுதான் தம்பி கேடு! கள்ளனைத் தப்ப வைச்சது அந்தப் பொம்பிளைதான் எண்டு ஊர் கதைக்குது. காலமை தண்ணிக்குப் போனது ஆர்? றஹீமா. அப்ப அது றஹீமாதான். இது காணாதெண்டு, துரை கையால சாப்பிட்டு முடிச்சு, தன்ர அறையோட ஒட்டின குளிக்கிற அறைக்குக் கொல்லைக்குப் போக, அங்கயும் காப்புச் சத்தம் கேட்டதாம். 'பொம்பிளையை உள்ளுக்க விட்டது ஆர்?' எண்டு துள்ளினாராம். தேடிப் பாத்தால் ஒருத்தரும் இல்லையாம். சுரங்கத்தில கள்ளனோட, குளிக்கிற அறையில துரையோட! என்ர பிள்ளை ஒரு பகலுக்குள்ள எத்தனை இடத்துக்குத்தான் போவாள்?"

ஆசியா உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இன்று காலையில் வஸீரின் தாய் ஆளனுப்பிக் கலியாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஏனென்று கேட்டால், மகன் வாய் திறக்கிறானில்லை, வேண்டாம் என்று மட்டும் சொல்கிறானாம்.

"பிள்ளை, உம்மட காப்பு எங்க?" என்று சரவணமுத்து சீலையைப் பார்த்துக் கேட்டார்.

சீலை விலகி ஒரு கை முழங்கை வரைக்கும் வெளியே வந்தது. அதில் ஒன்றுமில்லை.

"கலியாணத்துக்கு உருக்கிப் புதுசாச் செய்ய எண்டு என்ர வெள்ளிக் காப்பு மன்னாரில தட்டாரிட்டக் கிடக்கு. நேற்று என்ர கையில ஒரு நூல்கூட இல்லை. சொன்னால் ஆர் நம்பினது?" கை உள்ளே போயிற்று. "ஐயா, கலியாணம் போனால் போகட்டும். நான் சுரங்கத்துக்குள்ள நிக்கேல்லை. அதை இந்த ஊர் வாயால சொல்ல வைச்சுத் தாங்கோ. இல்லாட்டில் நான் இனிக் கிணத்தடிக்குப் போக ஏலாது, ஒரு வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக ஏலாது. சாகிற வரைக்கும் இந்தச் சீலைக்குப் பின்னாலதான் இருக்கவேணும்."

அழுகை இல்லாத குரல். ஜுனைதீனுக்கு அதுதான் நெஞ்சில் குத்தியது. வாயில் வந்த பகிடியை விழுங்கிக்கொண்டு எழும்பினான்.

வெளியே வந்ததும் சரவணமுத்து சொன்னார்: "கள்ளனைத் தேட வேண்டாம். காப்புச் சத்தத்தைத் தேடுவம்."

"சத்தத்தைத் தேடுறதோ? நல்லது ஐயா. பிடிபட்டால் விலங்கு போடவும் லேசு."

அவர்கள் சுரங்கத்தால் தெற்குப் பக்கம் போனார்கள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வௌவால் நாற்றமும் சுண்ணாம்பு நாற்றமும் கலந்து வந்தது. மறுவாசலில் ஏறியதும் மீராசாஹிபுவின் தேத்தண்ணிக்கடை. வாங்குப் பலகையில் இருந்த ஆளைக் கண்டதும் ஜுனைதீன் சரவணமுத்துவின் கையைச் சுரண்டினான். அந்த ஆளின் காலடியில் பெரிய கூடை. கூடை நிறையக் காப்பு.

"ஐயா, வழக்கு முடிஞ்சுது," என்று ஜுனைதீன் காதுக்குள் சொன்னான். "காப்பு வியாபாரி. நேற்றும் இந்தப் பக்கம் வந்திருப்பான். கூடையோட சுரங்கத்துக்குள்ள நிண்டிருப்பான். வாங்கோ, வெயில் ஏற முன்னம் மன்னாருக்குப் போவம்."

வியாபாரிக்குக் காது கூர்மை. கூடையைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்து உலுக்கினான். ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடியும் உலுக்கினான். வைக்கோல் சரசரத்தது, அவ்வளவுதான்.

"ஒவ்வொரு டசினையும் வைக்கோலில சுத்தித்தான் அடுக்கிறனான், தம்பி. என்ர கூடைக்குள்ள காப்புச் சத்தம் கேட்டால் அண்டைக்கு நான் பட்டினி. சத்தம் போடுற காப்பு உடையிற காப்பு."

"வழக்கு திரும்பவும் துவங்கிட்டுது," என்றான் ஜுனைதீன்.

மீராசாஹிபு தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே தன் சாட்சியத்தைச் சொன்னார். நாளைக்கே கோட்டில் ஏறத் தயாரான மனிதர். "அல்லா மேல ஆணையாச் சொல்லுறன். பொலிஸ் விசில் சத்தம் கேட்டது, உலக்கையை எடுத்தன், வாசலுக்கு வந்தன், செருமினன். காப்புச் சத்தம் கேட்டது. நிண்டன். நிண்ட இடத்தை விட்டு அசையேல்லை. இந்த வாசலால ஒருத்தரும் வெளிய வரேல்லை. ஒரு ஈ, காக்கா வரேல்லை."

"காக்கா நீங்கள் வெளியதானே நிண்டனீங்கள்," என்றான் ஜுனைதீன்.

"எப்பிடி நிண்டனீங்கள் எண்டு ஒருக்கால் நிண்டு காட்டுங்கோ," என்றார் சரவணமுத்து.

மீராசாஹிபு உலக்கையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு முன்னால் கால்களை அகட்டி நின்றார். யானை வந்தாலும் விடமாட்டேன் என்ற நிற்பு. ஜுனைதீன் பக்கத்தில் நின்று, "உலக்கையை இன்னும் கொஞ்சம் உயத்துங்கோ காக்கா, கள்ளனுக்கு உங்கட முகம் தெரிஞ்சால் அதுக்கே பயந்திடுவான்," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போது சுரங்கத்துக்குள்ளிருந்து கிணுகிணு என்று காப்புச் சத்தம் வந்தது.

கொஞ்சம் பொறுத்து எல்லாம் அடங்கியது. "ம்... எங்க விட்டனாங்கள்?" என்றான் ஜுனைதீன். மீராசாஹிபு உலக்கையைச் சாத்தி வைத்தார். சரவணமுத்து மட்டும் வாயைப் பிளந்துகொண்டு அவர்களையே பார்த்தபடி நின்றார்.

"காக்கா, இப்ப ஆர் போனது?"

"ஒருத்தரும் போகேல்லையே."

"ஜுனைதீன், நீ ஆரைக் கண்டனி?"

"நானோ? ஒருத்தரையும் காணேல்லை ஐயா."

"ஒரு மனிசி போனா. இடுப்பில குடம். பின்னால ஒரு வெள்ளாடு போனது. அந்த ஆடு காக்காவின்ர சாரத்தை ஒரு வாய் கடிச்சுப் பாத்திட்டுத்தான் போனது. நான் திரும்பேல்லை. எனக்கு நிலத்தைப் பாக்கத் தெரியும், அதால ஆட்டைக் கண்டனான். காப்பு வியாபாரியும் சேத்து நீங்கள் மூண்டு பேரும் என்ன செய்தனீங்கள் தெரியுமோ? சத்தம் கேட்டதும் ஒரே நேரத்தில, ஆரோ கயிறு பிடிச்சு இழுத்த மாதிரி, வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினீங்கள்!"

ஜுனைதீன் யோசித்தான். அவன் இப்போது கடை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சற்று முன் சுரங்க வாசலைப் பார்த்துக்கொண்டல்லவா நின்றான்? எப்போது திரும்பினோம் என்பதே அவனுக்கு நினைவில்லை.

"பொம்பிளையள் வரேக்க திரும்பி நிக்காமல் பின்ன என்ன செய்யிறது?" என்றார் மீராசாஹிபு. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதையெல்லாம் ஒரு சாட்சியமெண்டு சொல்லுவினமோ? சோறு தின்னேக்க வாயைத் திறந்தனான் எண்டு ஆரும் சொல்லுறவையோ?"

"சரி காக்கா, கோவிக்காதேங்கோ. நேற்றுக் கேட்ட சத்தம் உங்களுக்குப் பின்னால கடந்து போனதோ, இல்லையோ?"

மீராசாஹிபு கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். "இல்லை. கிட்ட வந்தது. பிறகு திரும்பி அங்கால போட்டுது."

"அப்ப வஸீரின்ர முதுகைத்தான் விசாரிக்கவேணும்," என்று சரவணமுத்து சுரங்கத்துக்குள் இறங்கினார்.

வாடிவீட்டில் துரை இல்லை. காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, சேவகனிடம் துவக்கைத் தூக்கக் கொடுத்து, கட்டுக்கரைக் குளத்தில் பறவை சுடப் போய்விட்டார். களவு நடந்த இடமென்றபடியால் இராத்திரி சேவகன் துரையின் அறை வாசலுக்குக் குறுக்கே படுத்திருந்தான். இப்போது அந்தக் காவல் வஸீருக்கு. வீங்கிய சொண்டோடு, அறைக்கு வெளியே ஓடை என்ற ஒடுங்கிய நடைவழியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். நல்ல உயரமான பொடியன். முகத்தில்தான் சாக்களை.

கீப்பர் பாலசிங்கம் ஓடோடி வந்து வரவேற்றார். வெள்ளைக் கோட்டு, எண்ணெய் வைத்து வழித்த தலை. "பாத்தீங்களோ சார்ஜன் ஐயா, என்ர உத்தியோக காலத்தில இப்பிடி ஒரு அவமானம்! நான் பொல்லை எடுத்துக்கொண்டு ஓடிப் போக முன்னம் எல்லாம் முடிஞ்சு போச்சு. ராசாவின்ர முடி பொறிச்ச வெள்ளிக் கரண்டி ஐயா! துரை பாவம், கோழிக்கறியைக் கையால பிசைஞ்சு சாப்பிட்டார். விரல் சுட்டுப்போட்டுது."

"பாவம்தான். உங்கட கையால ஒரு தேத்தண்ணி குடிச்சால் எனக்கு மூளை வேலை செய்யும்," என்றார் சரவணமுத்து. பாலசிங்கம் உள்ளே போனார். சரவணமுத்து வஸீருக்குப் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"நேற்றுச் சத்தம் கேட்டதும் நீர் திரும்பி நிண்டீர், என்ன?"

"ஓம் ஐயா. பின்ன?"

"கள்ளனைத் துரத்தி வந்த பொலிஸ்காரன்."

வஸீர் தலையைக் குனிந்தான். "கால் தானாத் திரும்பிட்டுது ஐயா."

"சத்தம் எந்தப் பக்கத்தால போனது?"

"எனக்குப் பின்னால... வாசலால ஏறி வேலிப் பக்கம் போனது."

"இதை ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?"

"பொம்பிளை போனதைப் பாத்தனான் எண்டு எப்பிடி ஐயா சொல்லுறது? நான் பாக்கவும் இல்லை."

"முதுகில கண் இல்லை, சரி. மூக்கு முன்னாலதானே கிடந்தது? என்ன மணத்தது?"

வஸீரின் காது சிவந்தது. ஜுனைதீனைப் பார்த்தான். பிறகு சுவரோடு பேசுவதுபோல மெல்லச் சொன்னான்: "பிரண்டி."

"என்னது?"

"பிரண்டி, ஐயா! கிழமை தோறும் வெறிகாரரைப் பிடிச்சு அடைக்கிறவன் நான். கள்ளு மணம் வேற, சாராய மணம் வேற. இது துரைமாரின்ர பிரண்டி. றஹீமா... பட்டப்பகல்ல..." அவன் வீங்கிய சொண்டைத் தடவிக்கொண்டான். "வெளிய சொன்னால் அந்தப் பிள்ளையின்ர மானம் போகும். சொல்லாமல் கட்டினால் என்ர சீவியம் போகும். அதாலதான் வாயைப் பொத்திக்கொண்டு கலியாணத்தை மட்டும் வேண்டாமெண்டனான்."

ஜுனைதீனுக்குச் சிரிப்பு வயிற்றில் பிறந்து தொண்டைக்கு ஏறியது. சரவணமுத்து அவன் காலை ஓங்கி மிதித்தார். காரியத்தோடு மிதித்தார், ஏனென்றால் பாலசிங்கம் தேத்தண்ணியோடு வந்துகொண்டிருந்தார்.

"ஜுனைதீன்," என்றார் சரவணமுத்து சத்தமாக, "உனக்கு வயித்துக்குள்ள சரியில்லை எண்டனியல்லோ?"

"நானோ?" இரண்டாவது மிதி விழுந்தது. "ஓம் ஐயா! ஐயோ! காலமை திண்ட புட்டு! அல்லா, இனிப் பொறுக்க ஏலாது!" வந்த வேலை என்னவென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையில் இரண்டு சுற்று உருண்டான்.

"பாவம், துரையின்ர கொல்லைக்கு ஒருக்கால் போட்டு வரட்டும்," என்றார் சரவணமுத்து.

பாலசிங்கம் கோப்பையோடு முன்னுக்கு வந்தார். "அது துரைமாருக்கு! நாங்கள் அதில குந்துறதோ? பின்னால பற்றை கிடக்கு, அங்க போகச் சொல்லுங்கோ. விடமாட்டன். என்ர பிணத்தைத் தாண்டித்தான் போகலாம்!"

"பற்றை வரைக்கும் தாங்காது கீப்பர் ஐயா," என்று ஜுனைதீன் முனகினான். "இந்த ஓடையிலதான். நீங்கள்தான் கழுவ வேண்டி வரும். நாளைக்குத் துரைக்கும் விளக்கம் சொல்லவேணும்."

வஸீர் பயந்து கதவைத் திறந்துவிட்டான். ஜுனைதீன் துரையின் அறையைக் கடந்து குளிக்கிற அறைக்குள் பாய்ந்தான். துரைமார் உட்கார்ந்து எழும்புகிற மரப்பெட்டி மூலையில் கிடந்தது. நடுவில் வட்டமாக வெட்டி, மூடி போட்டு, உள்ளே எனாமல் சட்டி வைத்த பெட்டி. தோட்டி வந்து சட்டியை மட்டும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போவான். 'உட்காரேக்கப் பாரமா உட்கார்' என்று சரவணமுத்து காதுக்குள் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் மூடிக்கு மேலே தொப்பென்று உட்கார்ந்தான்.

கிணுகிணு என்றது பெட்டி.

ஜுனைதீன் திடுக்கிட்டு எழும்பினான். மறுபடியும் உட்கார்ந்தான். கிணுகிணு. சின்னக் கை நிறைய வெள்ளிக் காப்புப் போட்ட ஒரு பெண்பிள்ளை பெட்டிக்குள் இருந்து கையை ஆட்டினால் எப்படியோ அப்படி. அவன் மூடியைத் தூக்கினான், மூச்சை அடக்கிக்கொண்டு சட்டியையும் தூக்கினான். பெட்டியின் அடியில் மேசைச் சீலையில் கட்டிய பொட்டலம். முடிச்சைத் தளர்த்தியதும் உள்ளே மன்னரின் முடி பொறித்த கரண்டிகள் பளபளத்தன.

பொட்டலத்தோடு வெளியே வந்தவன் ஓடையில் கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டான். வஸீர் முக்காலியிலிருந்து எழும்பி, அறை வாசலுக்கு முதுகைக் காட்டி, மூக்குச் சுவரில் முட்டுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"வஸீர், ஏன் சுவரைப் பாக்கிறீர்?" என்று கேட்டார் சரவணமுத்து.

"உள்ளுக்க... பொம்பிளை, ஐயா. காப்புச் சத்தம்."

"உள்ளுக்க போனது ஜுனைதீன்."

வஸீரின் முதுகு மெல்ல மெல்ல நடுங்கத் தொடங்கியது. அவனுக்கு விளங்கிவிட்டது. நேற்று முழுக்கத் தான் எதற்கு மரியாதை கொடுத்தோம் என்பது அந்த முதுகுக்கே விளங்கிவிட்டது.

பாலசிங்கத்துக்கும் விளங்கியது. கோப்பையைப் போட்டுவிட்டு வாசலை நோக்கி ஓட்டமெடுத்தார். ஓடையில் வேறு வழியில்லை, வஸீருக்குப் பின்னால்தான் ஓடவேண்டும். அவர் கடக்கிற நேரத்தில் வஸீர் மூக்கை ஒருதரம் உறிஞ்சினான். சுவரிலிருந்து திரும்பாமலே கையைப் பின்னால் எறிந்து வெள்ளைக் கோட்டின் கழுத்தைப் பிடித்தான்.

"இதுதான் ஐயா! இந்த மணம்தான்!"

"ஒரு மிடறு பிரண்டி போடாமல் கீப்பருக்குத் தைரியம் வராது. பிரண்டி அலுமாரியின்ர திறப்பும் அவரிட்டத்தான் கிடக்கு," என்றார் சரவணமுத்து. "சந்தியோகு கண்டு கத்தினதால சுரங்கத்துக்குள்ள பாஞ்சார். ரெண்டு வாசலிலயும் ஆள். ஓடினால் கரண்டி கிலுங்குது, நிண்டால் பிடிபடுவார். அப்பதான் ரெண்டு பக்கமும் செருமல். பொட்டலம் ஒருக்கால் கிலுங்கினதும் எல்லாம் அமைதி. நீர் திரும்பி நிண்டிருப்பீர் எண்டு அவருக்குத் தெரியும், இந்த ஊரில எத்தனை வருஷமா இருக்கிறார். பொட்டலத்தை நல்லாக் கிலுக்கிக்கொண்டு உமக்குப் பின்னால நடந்து, வேலியால ஏறி வந்தார். வர, துரையின்ர கார் சத்தம். கிட்டக் கிடந்த இடத்தில ஒளிச்சுப்போட்டு, பொல்லை எடுத்துக்கொண்டு கள்ளனைப் பிடிக்க ஓடினார். பேந்து எடுக்க வழியில்லை. இரவு சேவகன் காவல், பகல் வஸீர் காவல்."

"அப்ப துரை கேட்ட பொம்பிளை..." என்றான் ஜுனைதீன்.

"துரை தன்ர கரண்டிக்கு மேல தானே குந்தியிருந்தவர்."

"யா அல்லா! இனி இந்தக் கரண்டியால அவர் சூப் குடிக்கேக்க நான் கிட்ட நிக்க மாட்டன்."

பாலசிங்கம் தரையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். அடுத்த மாதம் அனுராதபுரத்துக்கு இடமாற்றமாம். இந்த ஊர் ஞாபகமாக ஏதாவது கொண்டுபோகலாம் என்று நினைத்தாராம்.

பாலசிங்கத்தைக் கட்டிச் சந்தியோகுவின் காவலில் விட்டுவிட்டு, மத்தியானத்துக்கு முன் சரவணமுத்துவும் ஜுனைதீனும் வஸீரும் ஆசியா உம்மா வீட்டு வாசலில் நின்றார்கள். நடந்ததைச் சரவணமுத்து சொல்லச் சொல்ல ஆசியா உம்மா பாலசிங்கத்தின் பரம்பரையை ஏழு தலைமுறை வரைக்கும் திட்டித் தீர்த்தாள். பிறகு வஸீரைக் கண்டு, "வாங்கோ மகன், இருங்கோ," என்று கதிரையைத் துடைத்தாள். வஸீர் இருக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு சீலையைப் பார்த்து நின்றான்.

"பிழை என்னிலதான். உம்மாவிட்டச் சொல்லிப்போட்டன். குறிச்ச நாளிலயே கலியாணத்தை வைப்பம்."

சீலை அசையவில்லை. "கள்ளன் உங்களுக்குப் பின்னால போகேக்க நீங்கள் திரும்பிப் பாக்கேல்லை. அது மரியாதை. நான் அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் பிரண்டி மணத்த கையோட என்ர பேரை ஏன் நினைச்சனீங்கள்? வந்து ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருக்கலாம்தானே?"

வஸீர் தொப்பியை உருட்டுவதை நிறுத்தினான்.

"ஊர் இன்னும் என்னைத்தான் கதைக்குது. ஐயா போய்ச் சொன்னால், காசு வாங்கிக்கொண்டு சொல்லுறார் எண்டுவினம். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. இப்ப, மீராசாஹிபு காக்காவின்ர கடையில, ஆக்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில. என்ன கேட்டது, என்ன மணத்தது, அதை ஆரெண்டு நினைச்சனீங்கள், கடைசியில அது ஆர். ஒண்டும் விடாமல்."

வஸீரின் முகம் வெளுத்தது. "றஹீமா, அதைச் சொன்னால் நான் இந்த ஊரில தலை நிமிர்ந்து நடக்க ஏலாது. பொலிஸ்காரன் கரண்டிக்கு முதுகு காட்டினவன் எண்டு சாகிற வரைக்கும் சிரிப்பினம்."

"நேற்றிலிருந்து நான் அப்பிடித்தான் இருக்கிறன்," என்றது குரல்.

ஜுனைதீனின் வாயில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு பகிடியும் வரவில்லை. அவனும் எருக்கலம்பிட்டியில் ஒரு தங்கைக்கு அண்ணன். வஸீர் போகாவிட்டால் இவனைத் தானே தள்ளிக்கொண்டு போவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டான்.

தேவை வரவில்லை. வஸீர் தொப்பியைத் தலையில் வைத்தான், எடுத்தான், ஆசியா உம்மாவின் கையில் கொடுத்தான். விறுவிறென்று நடந்து சுரங்கத்துக்குள் இறங்கினான். பிறகு, "எல்லாரும் கேளுங்கோ! நான் ஒரு விசயம் சொல்லவேணும்!" என்ற அவன் குரல் சுரங்கத்தால் உருண்டு இந்தப் பக்கம் வந்தது. ஒன்றும் விடாமல்தான் சொன்னான். காப்பு என்றான், பிரண்டி என்றான், றஹீமாவின் பெயரைச் சொல்லி அல்லாவிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். துரையின் பெட்டி என்றபோது மறுபக்கத்தில் எழும்பிய சிரிப்பில் வௌவால்கள் கலைந்து வாசலால் பறந்தன. எல்லாவற்றுக்கும் மேலே மீராசாஹிபுவின் குரல் கேட்டது: "ஏலுமெண்டால் இனி ஆராவது அந்தப் பிள்ளையைக் கதைச்சுப் பாருங்கோ, உலக்கை கிடக்கு!"

சீலைக்குப் பின்னால் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆசியா உம்மா பதறி எழும்பினாள். ஆனால் சீலை தானாக விலகியது. றஹீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து, யாரையும் பாராமல் குசினிக்குப் போய் அடுப்பை ஊதினாள்.

"உம்மா, ஐயாவுக்கும் அவரோட வந்த காக்காவுக்கும் தேத்தண்ணி போடுறன்," என்றாள். அடுப்பு பிடித்துக்கொண்டது. "இவ்வளவு கத்தினவருக்கும் தொண்டை காஞ்சிருக்கும். வந்தால், அவருக்கும் ஒரு கோப்பை குடுங்கோ."